கூப்பிட்ட கொசுறுத் துண்டு

சுவாமே, குமாசி.
செவ்வாய்க்கிழமை.

எஜுராவில் நம் குடும்பத்துக்கும், குடும்பத்தைவிடச் சொல்பேச்சுக் கேட்கிற கோழிகளுக்கும் தலைவராக வீற்றிருக்கும் க்வாக்யே மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை மகள் யா தைவா பணிவோடு எழுதிக்கொண்டது.

முதலில் உட்காருங்கள். அத்தையிடம் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். குடித்தாயிற்றா? இங்கே அமைதிதான், கெட்ட சேதி எதையும் சுமந்துகொண்டு வரவில்லை. உங்கள் முழங்கால் நலமா, வள்ளிக்கிழங்கு இந்த வருடம் பருத்ததா, அத்தையின் இருமல் நின்றதா என்றெல்லாம் போனிலேயே கேட்டிருப்பேன். உங்கள் போன் முட்டைக் கூடைக்குள் கிடக்கிறதாம், அடித்தால் கோழிதான் அதன்மேல் ஏறி உட்காருகிறதாம், எஜுரா லாரிக்காரர் சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம். இதைக் கோழியிடம் கொடுக்காமல் நீங்களே படியுங்கள்.

மழைக்கு முன்னால் ஒரு வண்டி பழைய அலுமினியம் அனுப்பினீர்களே, நினைவிருக்கிறதா? மேலே ஜன்னல் சட்டங்கள், நசுங்கிய குண்டான்கள், நடுவில் யாரோ எடைக்காக வைத்த கல் (அதைப் பற்றி வேறொரு நாள் பேசலாம்), அடியில் ஒரு லாரி எஞ்சினின் தலைப்பாகமும் கியர்பெட்டி மூடியும். "இது எங்க கிடைச்சுது மாமா?" என்றேன். "கிடைச்சுது" என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன். பழைய சாமானிடம் ஊர், பேர், குலம் விசாரிக்கிறவள் கல்யாணத் தரகு பார்க்கலாம், பானை வியாபாரம் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் நம் வார்ப்புக்காரர் அலாஜி சுலேயின் உலையில் போட்டு உருக்கி, மாம்போங் சாலையில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிறார்களே பெண்கள் விடுதிப் பள்ளி, அதன் சமையல்கட்டுக்குப் பெரிய பெரிய பானைகளாக ஊற்றிவிட்டேன். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அப்படிப்பட்ட பானைகள். என் கையிலிருந்த முதல் முழுக்க அந்தப் பானைகளாக நின்றது. அப்போது பார்த்துத் தலைமை ஆசிரியை சிஸ்டர் பெர்பெச்சுவா பத்திரிகையில் ஏதோ படித்துவிட்டார். வார்ப்புப் பானையில் ஈயம் இருக்குமாம், அதில் சமைத்துச் சாப்பிட்டால் பிள்ளைகளின் மூளை மந்தமாகுமாம். "உங்க பள்ளிக்கூடத்துல கணக்குல தோத்த பொண்ணுங்க எல்லாம் என் பானை வர்றதுக்கு முன்னாடியே தோத்தவங்கதானே சிஸ்டர்?" என்று கேட்டுப் பார்த்தேன். சிரிக்கக்கூட இல்லை. பல்கலைக்கழகத்தின் பொருள் ஆய்வுக்கூடத்திலிருந்து முத்திரை வைத்த சான்றிதழ் வந்தால்தான் பானையை உள்ளே விடுவேன் என்று சொல்லிவிட்டார். சான்றிதழ் கிடைக்காவிட்டால் அந்தப் பள்ளி மட்டுமா போகும்? கெஜேத்தியா சந்தை முழுக்க என் பெயர் "விஷப்பானை தைவா" என்றாகி, தக்காளிக் கூடையைத் தலையில் வைத்து ஆரம்பித்த இடத்துக்கே திரும்பிப் போயிருப்பேன்.

அந்த ஆய்வுக்கூடத்தை நீங்கள் பார்க்க வேண்டும் மாமா. அங்கே பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதை அறுப்பார்கள், அழுத்துவார்கள், சுடுவார்கள், உடைப்பார்கள், உடைந்த பிறகு "உடைந்தது" என்று எழுதிக் கொடுப்பார்கள், அதற்கு நாம் காசு கொடுக்க வேண்டும். இப்படியொரு வியாபாரம் எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்றுதான் முதலில் வயிறெரிந்தது. வாசலில் இரண்டு வரிசை. ஒன்றில் மாணவர்கள், அவர்களுக்குச் சலுகைக் கட்டணம். ஒரு பையன் பனைநாரில் செய்த பலகையைப் பச்சைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு நின்றான். இன்னொரு வரிசை தொழில் நடத்துகிறவர்களுக்கு. தங்கச் சுரங்கத்து ஆள் ஒருவர், பாறை அரைக்கிற இரும்புக் குண்டுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். நான் பானையோடு மாணவர் வரிசையில் போய் நின்றேன். இயந்திரம் ஓட்டுகிற ஃபீஃபி என்ற பையன் வந்தான்.

"அம்மா, இது படிக்கிற பிள்ளைங்க வரிசை."

"நானும் படிக்கத்தான் வந்திருக்கேன் தம்பி. பானைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாமயே இத்தனை காலம் வித்திருக்கேன். என்னைவிட மக்கு மாணவி உங்களுக்குக் கிடைப்பாளா?"

பலிக்கவில்லை. பெரிய கட்டணத்தையே கட்டினேன். பிறகு டாக்டர் மான்ஸா வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, உலோகத்துக்கு டாக்டர். நல்ல பெண், ஒட்டடைக்குச்சி உடம்பு, எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே இருப்பார். என் கண்முன்னால் அந்தப் பானையைக் கோழி அறுப்பதுபோல் அறுத்தார்கள். ஒரு துண்டில் தீப்பொறி பறக்கவிட்டு, அந்தப் பொறியின் வெளிச்சத்தைப் பார்த்தே உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று ஒரு பெட்டி சொல்லிவிட்டது. "ஈயம் இல்லம்மா" என்றார். அங்கேயே ஒரு ஆட்டம் போட்டேன். அதோடு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். பானைக்குப் பலம் உண்டா என்றும் பார்க்க வேண்டுமாம். மூன்று துண்டுகளை எலும்பு மாதிரி நடுவில் ஒடுக்கிக் கடைந்து, இரண்டு முனையையும் கவ்வி இழுக்கிற இயந்திரத்தில் மாட்டினார்கள். மூன்றும் ஒழுங்காக நீண்டு ஒழுங்காக அறுந்தன. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"மூணுக்குக் காசு கட்டியிருக்கேன். கொசுறா ஒண்ணு இழுங்க."

"இது என்ன தக்காளிக் கடையாம்மா?" என்றான் ஃபீஃபி.

"தக்காளிக் கடையா இருந்தா கேக்காமலே போட்டிருப்பாங்க."

ஆய்வுக்கூடத்தின் தலைவர் பேராசிரியர் அம்போன்சா, கோட்டும் கழுத்துப்பட்டையுமாக அந்தப் பக்கம் போனவர், இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "போடுப்பா, அம்மா ஆசைப்படறாங்க" என்றார். அந்தக் கொசுறுத் துண்டை மாட்டினார்கள். இழுத்தார்கள். கொஞ்சம் நீண்டது. பிறகு தொண்டையைச் செருமியது.

மாமா, திரும்பப் படிக்க வேண்டாம், சரியாகத்தான் படித்தீர்கள். அலுமினியம் தொண்டையைச் செருமியது. செருமிவிட்டு, வாசலில் வந்து நின்று உள்ளே வரலாமா என்று கேட்கிற ஆள்போல, "அகோ… ஓ" என்றது. கடைசி ஓவில் ஒரு சீட்டிச் சத்தம். வாசலில் யாராவது அகோ சொன்னால் நம் ஆட்களின் வாய் மூளையிடம் அனுமதி கேட்டுக்கொண்டா ஆமே சொல்கிறது? பேராசிரியர், ஃபீஃபி, நான், மூன்று பேரும் ஒரே குரலில் "ஆமே!" என்றோம். ஃபீஃபி போய்க் கதவைத் திறந்து "உள்ள வாங்க" என்று வேறு சொன்னான். வெளியே ஒருவரும் இல்லை, வெயில்தான் நின்றது. அவன் கதவைத் திறந்த அதே நொடியில் துண்டு அறுந்தது. டாக்டர் மான்ஸா மட்டும் பதில் சொல்லவில்லை. அவர் வாய் நிறையச் சுட்ட வாழைப்பழம்.

"வார்ப்புக்குள்ள காத்து சிக்கியிருக்கும், கிழியும்போது சத்தம் வந்திருக்கும்" என்றார், விழுங்கிவிட்டு.

சரி என்று வீட்டுக்கு வந்தேன். நான் எடைக்கல்லை நம்புகிறவள், ஆவியை நம்புகிறவள் இல்லை. ஆனால் மறுநாள் விடியலில் கண் விழித்தபோது நான் படுக்கையில் இல்லை. சுவாமே முனையில், சாலையோரம் நின்றுகொண்டிருந்தேன். தலையில் ஒரு கூடைத் தக்காளி. எங்கே வாங்கினேன், யாரிடம் வாங்கினேன், ஒன்றும் தெரியாது. நல்ல தக்காளி, பேரம் பேசித்தான் வாங்கியிருப்பேன். பயமே இல்லை மாமா, அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. இடம் பிடித்தாகிவிட்டது, வண்டி வரும் என்ற ஒரு நிம்மதி. பிறகு விசாரித்தால், பேராசிரியர் அம்போன்சா இரவு உடையோடு, தலையில் ஒரு மூட்டைக் கிழங்கோடு பல்கலைக்கழக வாசலில் நின்றிருக்கிறார். காவலாளி "ஐயா, எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டதற்கு, "வண்டி வருது, முன்சீட்டு வேற ஆளுக்குச் சொல்லியிருக்கு" என்றாராம். ஃபீஃபியை அவன் தாய் தெருமுனையில் பிடித்தாளாம், அவள் தையல் இயந்திரம் அவன் தலைமேல். அடுத்த விடியலிலும் அதே கதை, அதற்கடுத்த விடியலிலும். ஒவ்வொரு தடவையும் எஜுரா சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றோம். பேராசிரியரின் மனைவி அவர் காலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினாள். காலையில் கட்டில் வாசலில் கிடந்தது. அவர் அதற்கும் அப்பால் கிடந்தார்.

ஆய்வுக்கூடம் படுத்துவிட்டது. இயந்திரம் சரியில்லை என்று பேராசிரியர் கையெழுத்தை நிறுத்திவிட்டார். சுரங்கத்து ஆள் இரும்புக் குண்டுச் சாக்கின்மேல் உட்கார்ந்தே தூங்கினார், பலகைப் பையன் பட்டம் போய்விடும் என்று அழுதான். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். டாக்டர் மான்ஸா மட்டும் பிடிவாதமாக வேறு வேறு அலுமினியத்தை எல்லாம் இழுத்துப் பார்த்தார். எல்லாம் ஊமை. என் பானைத் துண்டை மாட்டினால் மட்டும் அகோ.

"அம்மா, இந்த அலுமினியம் எங்கேர்ந்து வந்துச்சு?"

அப்போதுதான் அந்தச் சீட்டி என் காதில் உறைத்தது. முன்பல் போன வாயின் சீட்டி. சுலேயைப் போனில் பிடித்தேன். "ஆமா அக்கா, எஞ்சின் தலையில சிவப்புப் பெயிண்ட்ல 'பொன்சு'ன்னு எழுதியிருந்துச்சு. எஜுராப் பக்கத்து ஆளு பேருன்னு நினைச்சேன். உருகுறப்போ எல்லாப் பேரும் ஒண்ணுதானே?" என்றான்.

உங்கள் கூடப்பிறந்த அண்ணன் லாரியையா மாமா உடைத்து அனுப்பினீர்கள்? நெற்றியில் "போய் வருகிறேன்" என்று எழுதியிருந்த வண்டியையா? முன்பல் போன பொன்சு மாமா விடியலுக்கு முன் ஒவ்வொரு வாசலிலும் நின்று தொண்டையைச் செருமி அகோ சொல்வார். உள்ளிருந்து ஆமே என்று குரல் வந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வண்டியில் இடம் உண்டு, எவ்வளவு நேரமானாலும் விட்டுவிட்டுப் போகமாட்டார். கடைசி நாளன்றும் அப்படித்தான் எல்லாரையும் கூப்பிட்டு ஏற்றினார். முன்சீட்டில் தக்காளிக் கூடையோடு நான். எஞ்சினைக் கிளப்பினார், கிளம்பவில்லை, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டார். எல்லாரும் இறங்கி அழுதோம். அழுதுவிட்டு அடுத்த வண்டியில் சந்தைக்குப் போனோம். அதிலென்ன தப்பு? தக்காளிக்குத் துக்கம் தெரியாது. ஆனால் கூப்பிட்டவர் இன்னும் கிளம்பவில்லை, அதுதான் விஷயம். நீங்கள் விற்றதில் எனக்கு வருத்தமில்லை மாமா, இரும்பு சும்மா கிடக்கக் கூடாது. விற்பதற்கு முன்னால் ஒரு வாய் ஜின்னைத் தரையில் ஊற்றி, "அண்ணா, உன் வண்டியைப் பிரிக்கிறேன்" என்று குடும்பத் தலைவராக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் குடி முழுகியா போயிருக்கும்? ஜின் பாட்டில் வீட்டில் இருந்தது என்று அத்தையே லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். தரைக்குப் போகாமல் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

நான் டாக்டர் மான்ஸாவிடம் சொன்னேன்: வீட்டுக்கு வந்த ஆளை ஆமே என்று உள்ளே அழைத்துவிட்டு, உட்காரவும் வைக்காமல், தண்ணீரும் கொடுக்காமல், வந்த சேதியும் கேட்காமல் அறுத்துக்கொண்டே இருந்தால் அவர் எப்படிப் போவார்?

"எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை இல்ல" என்றார். "ஆனா எனக்கு இந்த இயந்திரம் வேணும். செய்றதைச் செய்ங்க. ஜின்னை மட்டும் மின்சாரப் பெட்டி மேல ஊத்திடாதீங்க."

இயந்திரத்துக்கு எதிரே ஆய்வுக்கூடத்திலேயே நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டோம். குவளையில் தண்ணீர் வைத்தோம். பெரியவரிடம் நேருக்கு நேர் பேசக் கூடாதே, நடுவில் சொல்லிவிட ஓர் ஆள் வேண்டும். பேராசிரியரையே நிறுத்தினேன், குரல் கனமான ஆள். கடைசித் துண்டை மாட்டினார்கள். ஃபீஃபி ஒரு முழுச் சோளமாவுக் கென்கே உருண்டையை வாயில் திணித்துக்கொண்டான், பேராசிரியர் கழுத்துப்பட்டை நுனியைக் கடித்துக்கொண்டார். இழுத்தது. செருமியது. அகோ… ஓ. மாமா, என் நாக்கு தானாக எழுந்தது, பல்லால் பிடித்து உட்கார வைத்தேன்.

"பேராசிரியரே, மாமா காதுல விழற மாதிரிச் சொல்லுங்க. நாங்க இங்க சுகம். அவர் வந்த சேதி என்னன்னு கேளுங்க."

அவர் அலுமினியத்தைப் பார்த்து, வகுப்பெடுக்கிற குரலில், "பெரியவரே, இங்கே அமைதிதான். நீங்கள் வந்த சேதி என்ன?" என்றார்.

துண்டு நீண்டுகொண்டே போனது, அறுந்துவிடவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிற லாரியின் படியில் காலை வைத்தால் உள்ளங்காலில் ஒரு அதிர்வு ஏறுமே, அது தரையிலிருந்து ஏறியது. காத்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது.

"சொல்லுங்க: தைவாவுக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு. மத்தவங்களுக்கும் இருக்கு. எங்களுக்காக நிக்க வேண்டாம், மாமா முன்னாடி போகட்டும். நாங்க அடுத்த வண்டியில வர்றோம்."

அவர் சொன்னார். லாரி நிறுத்தத்தில் எந்த டிரைவரிடமும் சொல்கிற வார்த்தைதானே. அதிர்வு நின்றது. துண்டு மாவு இழுபடுவதுபோல் நீண்டு நீண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் பிரிந்தது. "வார்ப்பு அலுமினியம் இவ்வளவு நீளாது" என்றார் டாக்டர் மான்ஸா, மெல்லுவதை நிறுத்திவிட்டு. குவளையில் தண்ணீர் குறைந்திருந்தது. தான் குடித்ததாக ஃபீஃபி சொல்கிறான். கென்கே விக்கியதாம். சொல்லட்டும்.

மறுநாள் எல்லாரும் அவரவர் படுக்கையில் எழுந்தோம். சான்றிதழ் வந்தது, முத்திரையோடு. பானைகள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன, சிஸ்டரும் மறுபேச்சில்லாமல் கணக்கை முடித்தார். ஆகவே மாமா, அந்த விவகாரம் தீர்ந்தது, பொன்சு மாமா போய்ச் சேர்ந்தார், நீங்கள் நிம்மதியாக இருங்கள். இனி வியாபாரம் பேசலாம். அந்த லாரியின் சட்டமும் மரக்கூடும் இன்னும் உங்கள் மாமரத்தடியில் கோழிக்கூடாக நிற்பதாகக் கேள்வி. நல்ல இரும்பு, வீணாக்காதீர்கள். சுவாமேயில் அதற்குப் பொருந்துகிற ஓடின எஞ்சின் ஒன்று பார்த்தேன், வாங்கி இன்று காலையே உங்களுக்கு ஏற்றிவிட்டேன். மாட்டி, நெற்றி எழுத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்து ஓட்டுங்கள். எஜுரா கிழங்கும் குமாசிச் சந்தையும் இருக்கிற வரைக்கும் வண்டி காலியாக ஓடாது.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள், கோழிகளுக்குச் சொல்லாதீர்கள், தலைக்கனம் ஏறிவிடும். உங்கள் கிழங்குக் கொடி கொம்பைத் தாண்டிப் படரட்டும், உங்கள் வாசலில் நல்லவர்களே கூப்பிடட்டும், நம் முன்னோர் உங்கள் முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத, ஆனால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு வாங்குகிற மருமகள்,
யா தைவா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது சிஸ்டர் பெர்பெச்சுவா நேரிலேயே வந்துவிட்டார். இன்னும் அத்தனை பானை வேண்டுமாம். முகமெல்லாம் சந்தோஷம். "தைவா, உங்க பானை வந்ததுலேர்ந்து நாங்க மணியே அடிக்கிறதில்ல. விடியக்காலக் கஞ்சி கொதிக்கும்போது யாரோ வாசல்ல கூப்பிடற மாதிரி ஒரு சத்தம் வருது. அவ்வளவுதான், அத்தனை பொண்ணுங்களும் ஒரே குரல்ல ஆமேன்னு சொல்லிட்டு எழுந்திருக்கறாங்க. பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு கேட்டு வரைக்கும் வரிசையா வந்து நிக்கறாங்க. ஒரு சளசளப்பு இல்ல. என்ன ஒழுக்கம்!" என்றார். எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டீர்களா என்றேன். "கேட்டேனே. அடுத்த வண்டிக்கு நிக்கறோம் சிஸ்டர்னு சொல்றாங்க" என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆர்டரை வேண்டாம் என்று சொன்னேன் மாமா. போன பானைகளையும் திருப்பிக் கேட்டேன், தரமாட்டேன் என்கிறார். அடுத்த வண்டி என்று நான் சொன்னது வாய்வார்த்தைக்கு. பொன்சு மாமா அதை உறுதிமொழியாக எடுத்துக்கொண்டார். இங்கே அமைதிதான் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடுங்கள். எஞ்சின் வந்தால் இறக்காதீர்கள். இறக்கியிருந்தால் மாட்டாதீர்கள். மாட்டியிருந்தால், நம் குடும்பத்தின் மேல் ஆணை, கிளப்பாதீர்கள். அந்தப் பள்ளி உங்கள் வண்டி குமாசிக்கு வருகிற சாலையில்தான் இருக்கிறது.

என் கதவோரம் ஒரு மூட்டை கட்டி வைத்திருக்கிறது. எப்போது கட்டினேன் என்று தெரியவில்லை. முடிச்சு என் முடிச்சுதான்.